படிக்கட்டு எந்தப் பக்கம்? ஒரு கிளை நூலகத்துக்கு முன்னால் இருக்கும் வழிகள்

வீட்டு வரி ரசீதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. போன மாதம் நான் படித்தேன். வரித் தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் 'நூலக வரி' என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கு என்று வசூலிக்கிறார்கள். 840 ரூபாய் வரி கட்டுகிறவர் அதோடு சேர்த்து 84 ரூபாய் நூலகத்துக்கும் கட்டுகிறார். வாழ்நாளில் ஒரு தடவைகூட நூலக வாசலை மிதிக்காதவரும் கட்டுகிறார்.

அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனேன். எங்களுடையது டெல்டாவில் ஒரு தாலுகா ஊர். கிளை நூலகத்துக்குத் தொகுதி நிதியில் ஏதாவது செய்து தரலாம், என்ன வேண்டும் என்று தெளிவாக ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று தகவல் வந்திருந்தது. இந்த மாதிரி வாய்ப்பு ஊருக்கு எப்போதாவதுதான் வரும். தப்பாகக் கேட்டுவிட்டால் அடுத்த இருபது வருஷத்துக்கு அதோடுதான் குடித்தனம்.

கூட்டத்துக்கு வந்தது பன்னிரண்டு பேர். பேச ஆரம்பித்த அரை மணி நேரத்தில் ஐந்து நூலகம் கட்டிவிட்டோம். ஒருவருக்குப் போட்டித் தேர்வுக் கூடம் வேண்டும். ஒருவருக்கு கம்ப்யூட்டர். இன்னொருவர், இதை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிதாக ஒன்று கட்டச் சொல்லலாம் என்றார். மலையாள தேசத்தைப் பார்த்து வந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நூலகத்தை ஊர்க்காரர்கள் கையில் எடுக்கவேண்டும் என்றார். குழந்தைகள் பகுதி வேண்டும் என்று சொன்னது ஒரே ஒருவர், அதுவும் மெதுவாக.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் எழுதிப் பார்த்தேன். அதுதான் இது.

முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கட்டடத்திலிருந்து கான்கிரீட்டுக்கு மாறிய ஒரே கூடம். சுவரோரம் இரும்பு பீரோக்களும் திறந்த அலமாரிகளும். நடுவில் நீளமான இரண்டு மேசை. வாசல் பக்கம் பேப்பர் படிக்கிற பெஞ்சு. பின்னால் ஒரு கழிப்பறை. அதன் தாழ்ப்பாள் மூன்று வருஷமாகக் கயிறு. காலை 8 முதல் 11, மாலை 4 முதல் 7. வெள்ளிக்கிழமை விடுமுறை. நூலகர் ஒருவர்தான். அவர் மாவட்ட மைய நூலகத்துக்கு மீட்டிங் போனால் அன்றைக்குக் கதவில் பூட்டு.

ஒரு புதன்கிழமை மாலை உட்கார்ந்து தலை எண்ணினேன். 23 பேர். அதில் பேப்பர் படித்த பெரியவர்கள் ஆறு பேர். அலமாரிப் பக்கம் நின்று புத்தகம் தேடியவர்கள் இரண்டே பேர். ஒரு அம்மா பிள்ளையோடு வந்து, உட்கார இடமில்லாமல் ஒரு பத்திரிகையை நின்றபடி புரட்டிவிட்டுப் போய்விட்டார். மிச்ச பேர் எல்லாம் கையோடு புத்தகம் கொண்டு வந்த தேர்வுப் பிள்ளைகள். அன்றைக்கு முழுக்க நூலகப் புத்தகத்தைத் தொட்ட கைகளை விட நூலக மின்விசிறியின் கீழே உட்கார்ந்த தலைகள் அதிகம்.

இதைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. 'நூலகம் ஸ்டடி ஹாலாகப் போச்சு' என்பது எங்கள் வட்டத்தில் அடிக்கடி விழும் வசனம். நானும் சொன்னவன்தான். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே முதல் வழியைக் கொஞ்சம் நின்றே பார்க்கலாம்: மாடியில் ஒரு போட்டித் தேர்வுக் கூடம்.

குரூப் 4, குரூப் 2, டெட், எஸ்.ஐ. தேர்வு என்று ஊரில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெருவில் நடந்தாலே தெரியும். பணம் உள்ளவர்கள் திருச்சி, தஞ்சாவூர் என்று கோச்சிங் சேர்கிறார்கள். மற்றவர்களுக்குப் புத்தகம் கிடைத்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்குமான பாடப்புத்தகம்தான் அவர்களுக்கு வேதம், அது போனிலேயே இருக்கிறது. கிடைக்காதது உட்கார இடம். தினமும் வருகிற ஒரு பெண்ணிடம் வீட்டில் படிக்கக்கூடாதா என்று கேட்டேன். "வீட்ல உக்காந்தா சும்மா இருக்கேன்னு நெனச்சுக்கறாங்க சார். அரிசி களைன்னு சொல்லுவாங்க, தண்ணி வந்துருச்சும்பாங்க. இங்க வந்தாதான் படிக்கறேன்னு நம்புவாங்க" என்றாள். டிபன் பாக்ஸோடு வருவாள். 11 மணிக்கு நூலகம் பூட்டியதும் எதிரில் உள்ள பிள்ளையார் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து, 4 மணிக்குத் திரும்ப வருவாள். வெள்ளிக்கிழமை முழுநாளும் மண்டபம்தான்.

அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுப்பது புத்தகம் இல்லை என்பதால் அது நூலகச் சேவை இல்லையா? சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலேயே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. அங்கே இடம் பிடிக்கக் காலையிலேயே வந்து நிற்பார்கள். அவ்வளவு பெரிய மாளிகையே ஏற்றுக்கொண்டதை நமது ஒற்றைக் கூடம் முகம் சுளித்துப் பார்க்க நியாயமில்லை. நகராட்சிகள் ஊர் ஊராகக் கட்டியிருக்கும் 'நூலகம் மற்றும் அறிவுசார் மைய'ங்களும் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே எழும்பியவை.

ஆனால் இந்த வழியில் ஒரு சங்கடம் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தேவை அமைதி, மேசை, பிளக் பாயிண்ட், குடிதண்ணீர், கழிப்பறை. நூலகர் தேவையில்லை, அலமாரி தேவையில்லை. கூட்டம் அவர்களுடையதாகவே ஆனதும் மற்றவர்கள் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். குழந்தை சத்தம் போட்டால் பத்து தலை திரும்பிப் பார்க்கும். அந்த அம்மா அடுத்த வாரம் வருவாரா? பேப்பர் படிக்க வரும் பெரியவர் என்னிடமே சொன்னார்: "ராத்திரி தூக்கம் வராம காலைல இங்க வந்துதான் நாலு மனுசன் மூஞ்சிய பாக்கறேன். இப்பல்லாம் தும்மக்கூட பயமா இருக்கு தம்பி." தேர்வு முடிந்து வேலை கிடைத்ததும் அந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள். கிடைக்காவிட்டாலும் ஒரு வயதுக்கு மேல் போய்விடுவார்கள். அதற்குள் மற்றவர்களுக்கு நூலகம் மறந்து போயிருக்கும். ஆகவே கூடம் வேண்டும். அது இதே கூடமாக இருக்கக்கூடாது.

இரண்டாவது வழி கம்ப்யூட்டர், மின்னூலகம், 'ஸ்மார்ட்' என்று தொடங்கும் எதுவும். இதை விரைவில் முடித்துவிடலாம், ஏனென்றால் நாங்கள் ஒரு முறை சூடு பட்டவர்கள். சில வருஷங்களுக்கு முன் நன்கொடையாக நான்கு கம்ப்யூட்டர் வந்தது. ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்தோம். ஒன்றரை வருஷத்தில் யு.பி.எஸ். பேட்டரி போயிற்று. பேட்டரி மாற்ற எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது மானிட்டர்கள் மேல் பழைய வாரப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கிறது. அதே கால இடைவெளியில் ஊரில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. இணையத்தைத் தொடுவதற்காக ஒருவர் நூலகத்துக்கு வரவேண்டிய காலம் முடிந்துவிட்டது.

பழைய தமிழ் நூல் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, மதுரைத் திட்டம் இருக்கிறது, ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறது. எல்லாம் இலவசம், வீட்டிலிருந்தே. கிளை நூலகம் அவர்களோடு போட்டி போட்டுப் பயனில்லை. கிளை நூலகத்தால் மட்டுமே முடிகிற ஒரு மின்வேலை உண்டு. எங்கள் பீரோ ஒன்றில் ஊர்த் தேர்த் திருவிழா நோட்டீஸ்கள், 1960-களின் பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர் அச்சகம் ஒன்று போட்ட கும்மிப் பாட்டுப் புத்தகம் எல்லாம் செல்லரித்துக் கிடக்கின்றன. அவை எந்த மின்னூலகத்திலும் இருக்காது. அதற்கு நான்கு கம்ப்யூட்டர் வேண்டாம்; ஒரு ஸ்கேனரும் சனிக்கிழமைகளில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் போதும். தொகுதி நிதி மனுவில் இதை எழுதவே வேண்டியதில்லை. புரவலர் ஒருவரைப் பிடித்தால் முடிந்துவிடும்.

மூன்றாவது, பெரிதாகக் கட்டுவது. இதைச் சொன்னவர் மதுரை போய்வந்தவர். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்தவர் யாரும் சும்மா திரும்புவதில்லை. 2.13 லட்சம் சதுர அடி. நானும் போனேன். குழந்தைகள் பகுதியில் என் பேத்தியை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அவளைத் தேடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஒன்று மாவட்டத்துக்கு மாவட்டம் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் மாவட்டத் தலைநகருக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் காசு பெரிய தடையில்லை. நேரம்தான் தடை. வயலுக்கோ கடைக்கோ போய்விட்டு ஆறரைக்கு வீடு திரும்பும் ஒருவர் எந்த நேரத்தில் அங்கே போய் வருவது? எட்டு வயதுப் பிள்ளை யாரோடு போவது? பெரிய நூலகம் வருஷத்துக்கு ஒரு தடவை போகிற இடம், கோவில் திருவிழா மாதிரி. கிளை நூலகம் தெருமுனைக் கடை. கடையை மூடிவிட்டுத் திருவிழாவுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரியது எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அது ஆட்சியாளர்களின் கண்ணிலும் படும். கோட்டூர்புரம் கட்டடம் திறந்த அடுத்த வருஷமே, 2011-ல், அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள். வழக்குப் போட்டு நீதிமன்றம் தடுத்ததால்தான் அது இன்றைக்கும் நூலகம். எங்கள் கிளை நூலகத்தை மருத்துவமனையாக்க யாருக்கும் தோன்றாது. சிறியதாக இருப்பதில் அப்படியொரு பாதுகாப்பும் உண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்றலாம் என்ற யோசனையை மட்டும் நான் உடனே தள்ளவில்லை. இப்போதுள்ள இடம் பெண்கள் பள்ளிக்கும் சந்தைக்கும் நடுவில். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடந்து வரலாம். பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றினால் வெளியூர்த் தேர்வுப் பிள்ளைகளுக்கு வசதி, உள்ளூர்ச் சிறுவர்களுக்கு இரண்டு மெயின் ரோடு தாண்டவேண்டும். அந்த லாரிப் போக்குவரத்தைப் பார்த்தவன் என்ற முறையில் நான் இருக்கிற இடத்துக்கே கை தூக்குவேன்.

நான்காவது வழிதான் எங்கள் கூட்டத்தில் அதிகச் சூட்டைக் கிளப்பியது. தலைமை ஆசிரியர் கேரளத்தைச் சொன்னார். பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கிவைத்த கிரந்தசாலை இயக்கத்தில் நூலகங்கள் ஊர்க்காரர்களுடையவை. உறுப்பினர்கள் சேர்ந்து குழு தேர்ந்தெடுக்கிறார்கள், குழு நூலகத்தை நடத்துகிறது, மாநில நூலகக் கவுன்சில் மானியம் தருகிறது. பெரும்பாலும் மாலை நேரத்தில் திறக்கிறார்கள், அதாவது ஜனங்கள் வீடு திரும்பிய பிறகு. பெண்கள் வீடு வீடாகப் புத்தகம் கொண்டு போய்க் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ அங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். "நம்ம ஊர்ல நூலகம் சர்க்காரோடது. பல்பு போனா நாமளே மாத்தமாட்டோம், மனு எழுதுவோம். அங்க அவங்களோடது" என்றார் அவர். குத்தியது, ஏனென்றால் எங்கள் வாசல் பல்பு அப்போது எரியவில்லை.

நமது வழி வேறு மாதிரி வந்தது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் வற்புறுத்தியதில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையது. வரி மூலம் காசு, சம்பளத்துக்கு ஆள், மாவட்டத்துக்கொரு நூலக ஆணைக்குழு என்று எலும்புக்கூடு அன்றே நின்றுவிட்டது. இன்றைக்கு மாநிலத்தில் 4,600-க்கு மேல் நூலகங்கள் இருப்பது அந்தச் சட்டத்தால்தான். ஆர்வலர்கள் களைத்துப் போனாலும் நூலகம் நிற்காது என்பது இதன் பலம். ஆர்வலர்கள் இருந்தாலும் அவர்களுக்கு வேலை இல்லை என்பது பலவீனம். வாசகர் வட்டம் என்பது பல ஊர்களில் புத்தக வெளியீட்டுக்குக் கைதட்டப் போகிற கூட்டமாகவே இருக்கிறது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தலைமை ஆசிரியர் சொன்னதில் எனக்கு ஒரு பயம் உண்டு. ஊர்க்காரர்கள் நடத்தட்டும் என்று நாமே எழுதிக் கொடுத்தால், 'சரி, நீங்களே நடத்துங்கள், எங்கள் ஆள் எதற்கு' என்று சொல்லிவிட முடியும். பிரிட்டனில் அதுதான் நடந்தது. 2010-க்குப் பிறகு அரசு செலவைச் சுருக்கியபோது நூற்றுக்கணக்கான கிளை நூலகங்களை மூடினார்கள். மூடாதவற்றில் பலவற்றைத் தன்னார்வலர்கள் கையில் விட்டார்கள். நல்ல மனது படைத்தவர்கள் வந்து நின்றார்கள், சம்பளம் வாங்கிய நூலகர் வீட்டுக்குப் போனார். நமது ஊரில் ஏற்கெனவே ஒரு நூலகர் இரண்டு மூன்று நூலகத்துக்குப் பொறுப்பு பார்க்கும் நிலைமை பல இடத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் தன்னார்வம் என்ற சொல்லைக் கவனமாகவே மனுவில் எழுதவேண்டும். நூலகர் இருக்கும் நேரத்துக்கு மேலே ஊர்க்காரர்கள் நேரம் சேர்க்கலாம், அவர் இடத்தில் உட்காரக்கூடாது. வர முடியாதவர்கள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டு போகும் 'நூலக நண்பர்கள்' திட்டம் இங்கே வந்தது, அந்த வகையில் சரியான திசை. வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோவது நமக்குப் புதிதும் அல்ல. 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியிருக்கிறது. 

ஐந்தாவது, குழந்தைகள் பகுதி. மெதுவாகச் சொன்னவர் எங்கள் நூலகர். அவர் வாதம் செய்யவில்லை. வழங்கும் பதிவேட்டைத் திறந்து காட்டினார். கடந்த கோடை விடுமுறையில் புத்தகம் எடுத்துப் போனவர்களில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். பள்ளி திறந்ததும் அந்தப் பெயர்கள் காணாமல் போகின்றன. காரணம் கேட்டால், மாலை 4 மணிக்கு மேல் மேசை முழுக்கப் பெரிய அண்ணன் அக்காக்கள். பிள்ளைகளுக்கு நாற்காலியே தேவையில்லை, ஒரு கோரைப்பாயும் கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரியும் சத்தமாகப் படிக்க அனுமதியும் போதும் என்றார். இங்கே இருக்கும் சிறுவர் நூல்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? மேல் தட்டில். கீழ்த் தட்டு தேர்வு வழிகாட்டிகளுக்கு. அடுக்கியவர் யாரோ, எந்தக் காலத்திலோ. எடுத்துக் கொடுக்க ஆள் கேட்கும் கூச்சத்தில் எத்தனை பிள்ளைகள் திரும்பிப் போயிருப்பார்கள் என்று பதிவேட்டில் இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒருவர் ஹெல்சின்கி நகரத்து ஊடி நூலகத்தின் வீடியோவையும் அனுப்பினார். 2018-ல் திறந்தது. தையல் மெஷின், முப்பரிமாண அச்சு இயந்திரம், சமையலறை எல்லாம் நூலகத்துக்குள்ளேயே. ஆச்சரியமாக இருந்தது. அதன் மேல்மாடியில் சுமார் ஒரு லட்சம் புத்தகம் இருப்பதை வீடியோ எடுத்தவர் காட்டவில்லை. எங்களுக்குத் தையல் மெஷின் பக்கத்து மகளிர் குழுவிடம் இருக்கிறது. அதை நூலகத்துக்குள் கொண்டுவரத் தேவையில்லை. அந்த ஊர்க்காரர்களிடம் கற்க ஒன்று உண்டு. சத்தம் போடுகிற இடத்தையும் அமைதியான இடத்தையும் வேறு வேறு மாடியாகப் பிரித்திருக்கிறார்கள். யாரையும் வெளியே தள்ளவில்லை, சுவரை நகர்த்தினார்கள்.

இனி, எல்லா வழியும் கடைசியில் முட்டுகிற இடத்துக்கு வருகிறேன். எங்கள் நூலகத்தின் உண்மையான குறை, திறந்திருக்கும் நேரம்தான். ஊர் வேலைக்குப் போகும்போது திறக்கிறோம், ஊர் வேலையிலிருந்து வரும்போது மூடுகிறோம். நூலகருக்கு இன்னும் ஒரு ஆள் துணைக்கு இருந்தால் காலை 8 முதல் இரவு 8 வரை திறந்து வைக்கலாம். மேலே சொன்ன சண்டையில் பாதி தானாகத் தீரும். பெரியவர்கள் காலையில், தேர்வுப் பிள்ளைகள் பகலில், பள்ளிக்கூடம் மாலையில், கடை வைத்திருப்பவர் ராத்திரியில். வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது. பூட்டிய கதவுக்கு முன்னால் போகும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆளைக் கேட்க முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டலாம், தளவாடம் வாங்கலாம், மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. சம்பளம் நூலக வரியிலிருந்தும் அரசு ஒதுக்கீட்டிலிருந்தும் வரவேண்டும். அந்த வரியையோ உள்ளாட்சிகள் நம்மிடம் வாங்கிவிட்டு ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைப்பதைப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். நம் ஊர்களில் எந்தப் பிரச்சினைக்கும் விடை கட்டடமாகவே வந்து நிற்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். கட்டடத்துக்குக் காசு ஒரு தடவை, கல்வெட்டு நிரந்தரம். ஆளுக்கு மாதா மாதம் காசு, கல்வெட்டு கிடையாது.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். கட்டடக் காசை வைத்து நேரத்தை வாங்க முடியுமா? முடியும் என்றுதான் தோன்றுகிறது, வரைபடம் சரியாக இருந்தால்.

மாடியில் தேர்வுக் கூடம். அதற்குப் படிக்கட்டு வெளியிலிருந்து, தெருவைப் பார்த்து. மாடிக்குத் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி மின் மீட்டர், அங்கேயே பெண்களுக்கு ஒன்று ஆண்களுக்கு ஒன்று என்று கழிப்பறை. கீழே நூலகம் மூடினாலும் மேலே திறந்திருக்கலாம், ஏனென்றால் மேலே நூலகச் சொத்து என்று மேசையும் மின்விசிறியும் தவிர எதுவும் இல்லை. நூலகர் கணக்குக் காட்டவேண்டிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. சாவி வாசகர் வட்டத்திடம். வெள்ளிக்கிழமையும் திறக்கலாம். அந்தப் பெண் கோவில் மண்டபத்தை விட்டு நிழலுக்கு வரலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் இருந்தால் வட்டத்தில் இருவர் முறை வைத்து உட்காரவேண்டும். அதற்கு ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கீழே கூடம் காலியாகும். அதில் வலது பாதி பாயும் தாழ்ந்த அலமாரியுமாகப் பிள்ளைகளுக்கு. இடது பாதி பேப்பரும் பெரியவர்களும், தும்மலாம். பீரோக்களைத் திறந்த அலமாரியாக மாற்றவேண்டும். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் புத்தகத்தை யாரும் தற்செயலாகக் கண்டெடுக்க முடியாது.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. மேலே கூட்டம் நிறைந்ததும் அதையே காட்டி, 'நூலகம் நன்றாக நடக்கிறதே, இரண்டாவது ஆள் எதற்கு' என்பார்கள். கரண்டு பில்லை யார் கட்டுவது என்று ஆறாவது மாதம் பேச்சு வரும். சாவி வைத்திருப்பவரின் ஊர் அரசியலும் மாடிப்படி ஏறும். யார் பிள்ளைக்கு மின்விசிறிக்குக் கீழ் இடம் என்பது வரை போகும். இருந்தாலும் அந்த ஐந்து வழிகளையும் தனித்தனியாக எடுத்தால் ஒன்று மற்றதைத் தின்கிறது. இது ஒன்றுதான் யாரையும் வெளியே அனுப்பாமல் எல்லாருக்கும் கொஞ்சம் நேரம் சேர்க்கிறது.

இரண்டாவது ஆளுக்கான கோரிக்கையைத் தனி மனுவாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதியிருக்கிறோம். அதோடு, எங்கள் பேரூராட்சி நூலக வரி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு கட்டியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அதற்குத்தான் அந்த ரசீது. நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தக்காரரோடு பொறியாளர் வந்து இடத்தை அளந்தார். படிக்கட்டு உள்ளே வைத்தால் செலவு குறையும், ஒரு தூண் மிச்சம் என்றார். வெளியேதான் வேண்டும் என்றோம். ஏன் என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் கட்டடத்தையே பார்த்துவிட்டு, "அப்படின்னா தெருப் பக்கம் வர்றப்ப இந்த வேப்ப மரம் இடிக்குமே" என்றார். பேப்பர் படிக்கும் பெரியவர்களின் பெஞ்சு அந்த மரத்தடியில்தான் இருக்கிறது. படிக்கட்டைச் சந்தைப் பக்கம் திருப்ப முடியுமா என்று டேப் பிடித்துப் பார்த்தோம். மூன்றடி போதவில்லை. பின்பக்கச் சுவரை நகர்த்தலாமா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்ப அளக்கிறோம்.